பன்னிரண்டும் பெட்டை

குஞ்சு பொரிப்பகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெஷின் என்பார்கள். வயதில் சின்னவர்கள் மெஷின் அண்ணே என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே மேசை, ஒரே நாற்காலி, ஒரே வேலை. அன்று காலை முட்டையை உடைத்துக்கொண்டு வந்த குஞ்சைக் கையில் எடுக்க வேண்டும். இறக்கையை விரல் நுனியால் விரிக்க வேண்டும். அதில் பொடி இறகுகள் இரண்டு வரிசையாக இருக்கும். கீழ்வரிசை நீண்டிருந்தால் பெட்டை. இரண்டும் ஒரே அளவென்றால் சேவல். பெட்டையை மேசை நடுவிலிருக்கும் பெட்டியில் விட வேண்டும், சேவலை இடது பக்கத் தொட்டியில் போட வேண்டும். பெட்டை பண்ணைக்குப் போய் வளர்ந்து முட்டையிடும். தொட்டியில் விழுந்தது மறுநாளைப் பார்க்காது. அதைப் பற்றி மேசையில் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு குஞ்சுக்கு மற்றவர்களுக்கு மூன்று நான்கு விநாடி ஆகும். இவருக்கு இரண்டே விநாடி.

அந்தப் பட்டப்பெயரின் மேல் மனிதருக்குக் கொள்ளை ஆசை. புதிதாக யாராவது வேலைக்கு வந்தால், தானே போய், "என்னை இங்க மெஷின்னுதான் சொல்லுவாங்க" என்று அறிமுகம் செய்துகொள்வார். எவ்வளவு கூச்சமில்லாத ஆள் பாருங்கள்.

எதிர் நாற்காலியில் சிட்டு. அதுவும் பட்டப்பெயர்தான். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருப்பாள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாக வருவாள். வேலைக்கு வந்து மூன்று வருஷம்தான். இரண்டு பேரும் பிரிக்கிற பெட்டைகள் நடுவிலிருந்த ஒரே பெட்டிக்குத்தான் போகும். வினை அங்கேதான் இருந்தது. பெட்டி நிறைந்தபின், எந்தக் குஞ்சு யார் கையிலிருந்து விழுந்தது என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது.

ஒருநாள் சூப்பர்வைசர் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். முட்டைக் கோழிப் பண்ணை ஒன்றிலிருந்து புகார். அனுப்பிய பெட்டைகளில் சேவல் கலந்திருக்கிறது. ஒன்றிரண்டு என்றால் விட்டுவிடலாம், நூற்றுக்குப் பத்துக்கு மேல். பெட்டியின் மேலிருந்த எண் இந்த மேசையின் எண்.

"யாரு கைன்னு எனக்குத் தெரியணும்" என்றார் சூப்பர்வைசர்.

மெஷின் தலையை நிமிர்த்தவே இல்லை. கையிலிருந்த குஞ்சைப் பெட்டியில் விட்டுவிட்டு, "என்னையா கேக்கறீங்க?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எதிரே இருந்தவளைக் கை காட்டவில்லை, பெயரைச் சொல்லவில்லை. சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. சூப்பர்வைசரின் பார்வை தானாகச் சிட்டுவிடம் போனது.

சிட்டுவின் முகம் சிவந்துவிட்டது. "சார், என் கையையும் பாருங்க, அண்ணன் கையையும் பாருங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க. அண்ணன் இப்பல்லாம் குஞ்சைத் தள்ளித் தள்ளிப் பிடிச்சுப் பாக்குறாரு சார்."

சுருக்கென்றது அவருக்கு. காரணம், அது உண்மை. ஒரு வருஷமாகவே கிட்டத்தில் இருப்பதெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. செய்தித்தாளைக் கை எட்டுகிற தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படித்தார். மனைவி ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னால், வேறு வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார். கண்ணாடி போடலாமே? போடலாம். கண்ணாடி போட்ட மெஷினை எங்கே கண்டோம்? விளக்கு வெளிச்சம் போதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பழகிய கை, கண் என்னத்துக்கு என்றும் சொல்லிக்கொண்டார்.

உண்மை சுட்டால் மனிதனுக்கு வாய் நீண்டுவிடும். அவருக்கும் நீண்டது.

"சார், இன்னிக்கு நான் பிரிச்ச பெட்டையிலேருந்து நீங்களே கண்ணை மூடிட்டுப் பன்னெண்டு எடுங்க. என் வீட்டுல வச்சு வளக்குறேன். எட்டு வாரம் கழிச்சு வந்து பாருங்க. இந்தம்மாவையும் கூட்டிட்டு வாங்க. அதுல ஒரு சேவல் இருந்தா நான் இந்த நாற்காலிய விட்டு எந்திரிச்சிடறேன். பன்னெண்டும் பெட்டை."

அன்று அவருக்கென்று தனிப் பெட்டி வைத்து, அதிலிருந்து பன்னிரண்டு எடுத்தார்கள். பொரிப்பகத்தில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாது, நோய் ஒட்டிக்கொண்டு வரும் என்பது அங்கே சட்டம். தினமும் வாசலிலேயே குளித்து, துணி மாற்றிக்கொண்டு உள்ளே வரவேண்டும் என்ற நிபந்தனையோடு சூப்பர்வைசர் அனுமதித்தார். அதுவரை சிட்டு எங்கே இருப்பது? "எட்டு வாரம் முட்டைத் தட்டு கழுவு. அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, கழுவுமிடத்துக்குப் போனாள். மெஷின் அடுத்த குஞ்சை எடுத்தார்.

வீட்டில் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்திரண்டு வருஷம் குஞ்சு வேலை பார்த்த மனுஷன் ஒருநாளும் ஒரு குஞ்சைக் கண்ணில் காட்டியதில்லை. இன்று பெட்டியைத் திறந்தால், மஞ்சள் மஞ்சளாகப் பன்னிரண்டு கீச்சுக்குரல்.

"இதென்ன கூத்து? யாருக்கு?"

"நமக்குத்தான். வளத்துக் காட்டணும். ஒரு பந்தயம் மாதிரி."

சமையலறை மூலையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே மரத்தூள், மேலே தொங்கும் ஒரு பல்பு. குஞ்சுகள் விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று அடைந்தால் குளிர்கிறது, பல்பை இறக்கு. ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் சூடு, ஏற்று. தண்ணீர்த் தட்டில் விழுந்து முங்கிவிடாமல் கூழாங்கல் போட்டாள். பின்பக்கம் எச்சம் ஒட்டி அடைத்துக்கொண்ட ஒன்றை வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டாள். இதெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததில்லை, பாவம், அவருக்குத் தெரியவும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒரு குஞ்சின் முதல் நாளில் இரண்டு விநாடி மட்டும்தான். ஒரு குஞ்சு இரண்டாம் நாள் என்ன செய்யும் என்பதையே இப்போதுதான் பார்த்தார்.

பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போனது. முதல் வாரக் கடைசியில் இறக்கையில் வெள்ளை எட்டிப் பார்த்தது. இரண்டாம் வாரம் பெட்டி விளிம்பில் ஏறி உட்காரப் பழகின. மூன்றாம் வாரம் மஞ்சள் உதிர்ந்து, கழுத்து மொட்டையாக, எல்லாம் அரைகுறையாகத் துணி உடுத்தினதுபோல் அலங்கோலமாக நின்றன. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். சண்டைக்காரி, தூங்குமூஞ்சி, ஒற்றைக்கால். எல்லாவற்றுக்கும் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்ததற்குத் தலைவி என்று பெயர். தலைவி அவள் மடியில்தான் தூங்கும். தீனிக்கிண்ணச் சத்தம் கேட்டால் முதலில் ஓடி வரும்.

"என் பொண்ணு மாதிரி இருக்கு பாரேன், என்ன திமிரு" என்பாள்.

நான்காம் வாரம் பின்முற்றத்தில் வலை கட்டி வெளியே விட்டார்கள். ஐந்தாம் வாரத்தில் ஒரு விடுமுறை நாள், சாயங்காலம். அவர் சமையலறை வாசற்படியில் டீயோடு நின்றுகொண்டிருந்தார். குஞ்சுகள் முற்றத்தின் அந்தக் கோடியில். அவருக்குத் தூரப் பார்வையில் ஒரு குறையும் கிடையாது. தெருக்கோடிப் பலகையை இங்கிருந்தே படிப்பார். அந்தக் கண்ணுக்குத்தான் அது பட்டது. பதினொரு தலையில் கொண்டை வெளிறிய கீற்றாக இருந்தது. தலைவியின் தலையில் மட்டும் தடித்து, சிவந்து, எழும்பி நின்றது.

கையிலிருந்த டீ ஆறிப்போனது. வெயில் பட்டுச் சிவப்பாகத் தெரிகிறது என்று சொல்லிப் பார்த்தார். வெயில் மற்ற பதினொன்றின் மேலும்தான் பட்டது. நாலு நாளில் இன்னொன்றின் கொண்டையும் சிவந்தது. பிறகு இன்னும் இரண்டு.

நான்கு. பன்னிரண்டில் நான்கு சேவல்!

புகாரில் சொன்ன சேவல் யார் கையால் போனது என்று இனி யாரும் சொல்லவேண்டியதில்லை. அது மட்டுமா? சேவலைப் பெட்டை என்று பெட்டியில் விட்ட கை, பெட்டையைச் சேவல் என்று தொட்டியிலும் போட்டிருக்கும் அல்லவா? ஒரு நாளைக்கு எத்தனை? ஒரு வருஷத்துக்கு எத்தனை? கணக்குப் போடப் பயந்துகொண்டு எழுந்து போய் முகம் கழுவினார்.

மறுநாள் பொரிப்பகத்தில் சிட்டு எதிரே வந்தாள். அடுக்கிய தட்டுகளை இடுப்பில் அணைத்திருந்தாள். "குஞ்செல்லாம் எப்படிண்ணே இருக்கு?" என்று கேட்டாள். குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

"நல்லா இருக்குது" என்றார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. இருபத்திரண்டு வருஷப் பெயர் நாக்கைப் பிடித்துக்கொண்டது. சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, அதைவிடக் கேவலமான ஒன்றைச் செய்தார்.

அன்று மனைவி கடைக்குப் போயிருந்த நேரம். தலைவியைக் கூப்பிட்டார். தீனி என்று நினைத்து அது ஓடி வந்தது. பையில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கறிக்கடைக்குப் போனார்.

கடைக்காரர் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். "என்னங்க இது, நாலு இறகும் ரெண்டு எலும்பும்தான் இருக்கு. இதை வெட்டி நான் யாருக்குக் கொடுக்க?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். சும்மா வச்சுக்கோ. வீட்டுல இடமில்ல."

"சும்மாவா?" கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். "சரி, கூண்டுல கிடக்கட்டும். கொஞ்சம் தேறட்டும்."

சாயங்காலம் மனைவி முற்றமெல்லாம் தேடினாள். "பூனை வந்திருக்கும்" என்றார் அவர், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து. அவள் வலையைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை தேடினாள். ராத்திரி சாப்பிடவில்லை. நாலு நாள் கழித்து இரண்டாவது போனது. அப்புறம் மூன்றாவது. ஒவ்வொரு முறையும் அதே பூனை.

நான்காவது போன அன்று அவள் தேடவில்லை. தீனிக்கிண்ணத்தோடு முற்றத்தில் உட்கார்ந்து, மீதியிருந்த எட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வாசற்படிக்கு வந்தபோது திரும்பாமலே சொன்னாள்:

"அந்தப் பூனைக்கு நல்ல கண்ணு போல. கொண்டை சிவந்ததா பாத்துப் பாத்துத் தூக்குது."

அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டையில்லாமல் நடுத்தெருவில் நிற்பதுபோல் இருந்தது. அவர் வாசற்படியில் காய்ந்திருந்த எச்சத்தைக் கால் விரலால் சுரண்டினார். அவள் எழுந்து, அவரைத் தொடாமல் ஒதுங்கி உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் பூனையைப் பற்றியும் பேசவில்லை, கோழியைப் பற்றியும் பேசவில்லை. சோறு போட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான்.

எட்டு வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சூப்பர்வைசர் வந்தார், பின்னாலேயே சிட்டு. வெள்ளைவெளேரென்று எட்டு இளம் பெட்டைகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எட்டுதான் இருக்கு?"

"நாலு பூனை தூக்கிட்டுப் போயிருச்சு சார்." எவ்வளவு சரளமாக வந்தது! சமையலறைக்குள் பாத்திரம் ஒன்று விழுந்தது. விழுந்ததா, போட்டாளா தெரியாது.

"குஞ்சு வளத்தா பூனை வராம இருக்குமா? மீதி அத்தனையும் பெட்டை. என்னம்மா, நீயே பாத்துக்க." சூப்பர்வைசர் கைகளைத் தட்டிக்கொண்டார். தலைவலி ஒன்று தீர்ந்த நிம்மதி அவருக்கு. "கைன்னா இது கை. விஷயம் முடிஞ்சுது."

சிட்டு முற்றத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தாள். ஒரு கோழி வந்து அவள் விரலைக் கொத்தியது. எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள். சண்டைக்கு வருகிறாள் என்று அவர் நினைத்தார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை. வாய்க்கு வாய் கொடுத்துத் தப்பித்திருப்பார்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றாள். "உங்களை எல்லார் முன்னாடியும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வீட்டுலயும் சொல்லிட்டேன், என் கைதான் சரியில்லன்னு. கழுவுற இடத்துல நேரம் கிடைக்கும்போது உக்காந்து யோசிப்பேன், எங்க தப்பு விட்டேன்னு. எனக்குப் பிடிபடவே இல்ல. நான் பாத்தா சரியாத்தான் தெரியுது. ஆனா தப்புங்கிறாங்க. என் கண்ணையே என்னால நம்ப முடியலண்ணே." கையை நீட்டினாள். கழுவு மருந்தில் ஊறி ஊறி, விரலிடுக்கெல்லாம் வெடித்துத் தோல் உரிந்திருந்தது. "ஒரு நாள் பக்கத்துல உக்காரவச்சு முதல்லேருந்து சொல்லிக்கொடுங்க. உங்களை மாதிரி பாக்கக் கத்துக்கறேன்."

மனைவி டீத்தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள். சிட்டுவைப் பார்க்கவில்லை, சூப்பர்வைசரைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"ஒரு நிமிஷம் இருங்க" என்றார் மெஷின். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சார், போயிடாதீங்க. இதோ வந்துடறேன்."

செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கி நடந்தார். நடை ஓட்டமானது. கறிக்கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கூண்டைப் பார்த்தார். மூன்றுதான் இருந்தன.

"நாலு கொடுத்தேனே?"

"இப்பத்தாங்க ஒண்ணு போச்சு. அதுதான் நல்லாத் தேறியிருந்துச்சு, நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குமே அது." கடைக்காரர் கத்தியைத் துடைத்தார். "சும்மா வச்சுக்கோன்னுதானே சொன்னீங்க?"

ஆமாம். அப்படித்தான் சொன்னார்.

மூன்றையும் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அண்டைவீட்டுக்காரர் ஒருவர் என்ன விஷயம் என்று கேட்டது காதில் விழவில்லை. முற்றத்துக்கு நேராகப் போய்க் கூடையைக் கவிழ்த்தார். மூன்று சேவல்கள், சிவப்புக் கொண்டையும் வளையத் தொடங்கிய வாலுமாக, தடுமாறி எழுந்து நின்றன. பெட்டைகள் ஒதுங்கி இடம்விட்டன.

"பூனை எதுவும் வரல சார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாவது இப்பத்தான் வெட்டுப்பட்டுச்சு." மனைவி இருக்கும் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "தலைவி."

அவள் டீத்தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சூப்பர்வைசர் சேவல்களைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்னய்யா இது? நீயா?" என்றார். பிறகு மறுபடியும், "நீயா?" என்றார்.

"எனக்குக் கிட்டத்துல இருக்கறது சரியாத் தெரியல சார். ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. பழக்கத்துல பிரிச்சுட்டு இருக்கேன். புகார்ல இருந்த சேவல் பூரா என்னோடது. அந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல."

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்கள். அவருக்கு ஒன்றும் இறங்கவில்லை. சிட்டு வாய் திறப்பதற்காகத் தலையைக் குனிந்தபடி நின்றார். கத்துவாள், சாபம் விடுவாள், அழுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார்.

அவள் மூன்று சேவல்களையும் பார்த்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்:

"எந்த வாரத்துலண்ணே தெரிஞ்சுது?"

அதைத்தான் அவர் எதிர்பார்க்கவில்லை. முதலில் தெரியாமல் செய்தார். அதற்கு ஏதோ ஒரு மன்னிப்பு இருக்கலாம். இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

"அஞ்சாவது வாரம்."

"அஞ்சாவது வாரம்." அவள் வெடித்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். "ஆறு, ஏழு, எட்டு. குஞ்செல்லாம் எப்படிண்ணே இருக்குன்னு நான் கேட்டேனே, நல்லா இருக்குதுன்னு சொன்னீங்களே. அப்பவா?"

"அதுக்கு முன்னாடியே தெரியும்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். சூப்பர்வைசர், "நாளைக்கு நீ மேசைக்கு வந்துடும்மா, இவரை நான் பாத்துக்கறேன்" என்று ஏதோ சொன்னார். அவள் சரி சார் என்றாள். டீயைத் தொடவில்லை. வாசல்வரை போனவள் நின்று திரும்பினாள்.

"ஒரு கண்ணாடி வாங்கிப் போடுங்கண்ணே" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டில் கண் தெரியாத ஒரு பெரியவருக்குச் சொல்வதுபோலச் சொன்னாள். அவர் அதற்கும் தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு முற்றத்திலேயே நின்றார். உள்ளேயிருந்து மனைவி கூப்பிடுவாள் என்று ரொம்ப நேரம் காத்திருந்தார். பதினொரு கோழிகளும் அவர் காலடியில் தீனிக்காகச் சுற்றிச் சுற்றி வந்தன.